அடுத்தவருக்காக எப்போதும் தயார்

துரித மின்னேற்ற வாரியத்தின் அறிக்கைப்படி, அந்த நெடுஞ்சாலையின் எல்லா நிலையங்களும் எந்நேரமும் தயாராக இருந்தன. வாரியம் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொய் சொல்பவர்களை என்றாவது ஒரு நாள் பிடித்துவிடலாம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அக்கா, அந்த அறிக்கையை நம்பித்தான் பழைய மின்கார் ஒன்றை வாங்கினாள். தம்பிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை பதினொரு மணிக்கு அவன் டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்க வேண்டும். மருத்துவமனை நூற்று அறுபது கிலோமீட்டர். அரை மணிக்கு மேல் தாமதமானால் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாற வேண்டும். திரும்பும்போது தம்பியால் நிற்கக்கூட முடியாது.

கார் வீட்டில் முழு சார்ஜ் ஏறினால் நூற்று இருபது கிலோமீட்டர் ஓடும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, நாற்பது நாற்பது நிமிடம் வழியில் எங்காவது செருகினால் போதும். 'முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். அடுத்தவருக்காக எப்போதும் தயார்' என்று சாலையோரப் பலகைகள் சொல்லின.

தம்பிக்கு வீட்டில் வானொலி என்று பெயர். வாய் மூடமாட்டான். அக்காவோ தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். இருவரையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு சாதாரண மனிதர்கள் பேசும் அளவு சரியாக வந்துவிடும்.

முதல் நாள் டயாலிசிஸ் டெக்னீஷியன் பெண் அவன் கையில் ஊசிகளைக் குத்தி, குழாய்களை மெஷினில் மாட்டிவிட்டு, "நாலு மணி நேரம். நடுவுல எடுக்கக் கூடாது" என்றாள்.

"ஏன், எடுத்தா என்ன ஆகும்?" என்றான் தம்பி.

"பாதிதான் சுத்தமாகும்."

"நான் பொறந்ததுலேருந்தே பாதி சுத்தம்தான். எங்க அக்காவைக் கேளுங்க."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழைய மெஷின். ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. திரையில் ஒரு மூலை இருண்டிருந்தது. மாட்டினார்கள், ஓடியது.

காரில் போன முதல் செவ்வாய்க்கிழமை, முதல் நிலையத்தில் இயந்திரம் பளபளவென்று பச்சை விளக்கு காட்டியது. அக்கா செருகினாள். ஒன்றும் ஏறவில்லை. எடுத்துவிட்டு மறுபடி செருகினாள். 'வணக்கம். தயார்' என்றது திரை. இரண்டாவது நிலையத்தில் கேபிளே இல்லை. செம்புக்காக யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அறுந்த முனைக்கு மேலே அதே வணக்கம், அதே தயார். அக்கா உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"திரை எரியுதுங்களா மேடம்?"

"எரியுது."

"பச்சையா?"

"பச்சைதான். ஆனா கேபிள் இல்ல."

"பச்சைன்னா தயாரா இருக்குன்னு அர்த்தங்க."

"கேபிளே இல்லன்னு சொல்றேன்."

"கேபிள் வேற பிரிவுங்க. நாங்க தயார்நிலைப் பிரிவு."

"சரி, அந்தப் பிரிவு நம்பர் கொடுங்க."

"அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கலைங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"நல்லா கேளுக்கா" என்றான் தம்பி. "உதவி பண்றதைத் தவிர வேற எல்லாத்துக்கும் தயாரா இருக்காங்க."

மூன்றாவது நிலையம் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. இயந்திரத்தைப் புது சோபாவைப் போல பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் டை கட்டிய மேற்பார்வையாளர்.

"வாங்க, வாங்க. பாக்க வந்தீங்களா?" என்று எழுந்தார்.

"சார்ஜ் போடணும்" என்றாள் அக்கா.

அவர் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "இது வேலை செய்யுதும்மா."

"அதுக்குத்தானே வந்திருக்கோம்."

"உங்களுக்குப் புரியல. நீங்க செருகினா பச்சை போயி சிவப்பு ஆயிடும். சிவப்புன்னா தயார் இல்ல. எட்டு மாசமா நூத்துக்கு நூறு வச்சிருக்கேன். ஒரு ஆள் தொட்டதில்ல. முதல் ரெண்டு நிலையத்துக்காரங்களும் நூறுதான், ஆனா அவங்க மெஷின் செத்துப் போச்சு, அவங்களுக்கு என்ன கவலை. நான் ஓடுற மெஷினை வச்சுக்கிட்டு நூறு எடுக்கிறேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வர்றவங்களை எல்லாம் கையைக் காலைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பணும்."

அக்கா அவரையே பார்த்தாள். கடையில், இருப்பதிலேயே பெரிய எழுத்தைக்கூடப் படிக்க முடியாத வாடிக்கையாளரை அவள் பார்க்கும் பார்வை அது.

தம்பி இறங்கி வந்து சட்டைக் கையை மடித்தான். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. "சார், இதுல கை வச்சுப் பாருங்க."

மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கி விரலை வைத்தார். உள்ளே ஏதோ கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ரத்தம் போக வர டாக்டர் வச்சுத் தந்த வழி. வாரம் மூணு தடவை இதுல ஊசி குத்தி மெஷின்ல மாட்டுவாங்க. என்னையும் இந்தக் காரையும் ஒரே கம்பெனிதான் செஞ்சிருக்கணும். செருகினாதான் ஓடுவோம்."

மேற்பார்வையாளர் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். "காரைப் பூட்டாதீங்க. பூட்டினா பிளக்கும் பூட்டிக்கும், சாவி இல்லாம யாராலயும் எடுக்க முடியாது. மேலேருந்து யாராவது வந்தா நான் டக்குன்னு உருவணும்" என்றார்.

யாரும் வரவில்லை. மூன்று மாதம் அப்படியே ஓடியது. செவ்வாய், வியாழன், சனி. போகும்போது நாற்பது நிமிடம், வரும்போது நாற்பது நிமிடம். மேற்பார்வையாளர் இன்னும் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டார். தம்பி அவருக்கு உலக விஷயமெல்லாம் சொன்னான். அக்கா பேசாமல் உட்கார்ந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டினால் ஓடுகிற இன்னொரு மெஷின் அவளுக்குக் கிடைத்திருந்தது.

பிறகு கடிதம் வந்தது.

'மூன்றாம் நிலையத்தின் தயார்நிலை நூறு விழுக்காட்டிலிருந்து தொண்ணூற்றேழு புள்ளி ஆறு விழுக்காடாகச் சரிந்தமைக்குத் தாங்கள் ஒருவரே முழுக் காரணம் எனத் தெரியவருகிறது. தயார்நிலைக் குறைப்புப் பயனாளர் என்ற முறையில் தாங்கள் நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும்.'

வாரியத்தின் தலைமையகம் எதிர்த் திசையில் நூறு கிலோமீட்டர். வாசலில் ஒரு இயந்திரம் நின்றது. சுற்றிலும் வெல்வெட் கயிறு.

"இது ஒண்ணுதாம்மா நெஜமாவே எப்பவும் ஓடும்" என்றார் காவலாளி, சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. "வெளிநாட்டுக்காரங்க வந்தா காட்டணும்ல? அவங்க காரைக்கூடச் செருக விடமாட்டோம். சத்தத்தை மட்டும் கேக்க வைப்போம்." திரும்பிப் போகும் அளவுக்குத் தெருமுனை டீக்கடையின் பிளக்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று வழி சொல்லியும் உதவினார்.

கூட்ட அறையின் சுவர் முழுவதும் ஒரு வரைபடம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பல்பு. எல்லாம் பச்சை. மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவர்கள் வேலை. எங்காவது ஒரு பல்பு சிவந்தால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள், அணைந்து பச்சையானதும் உட்காருவார்கள் என்று பிற்பாடு காவலாளி சொன்னார்.

வாரியத் தலைவர் முன்பு தீயணைப்புத் துறையில் இருந்தவர். தயார்நிலை விழுக்காட்டை அங்கிருந்துதான் கொண்டுவந்திருந்தார். அக்காவுக்கு அதைப் பொறுமையாக விளக்கினார்.

"தீயணைப்பு வண்டி நிலையத்துல நிக்குது. அப்ப அது தயார். நெருப்பணைக்கப் போயிடுச்சு. அப்ப தயார் இல்ல. சரியா?"

"சரி."

"நான் இருந்த ஊர்ல இருபது வருஷம் நூத்துக்கு நூறு. ஒரு வண்டி வெளியே போனதில்ல."

"நெருப்பே பிடிக்கலியா?"

"நெருப்பு பிடிச்சுது. அடிக்கடி பிடிச்சுது." தலைவர் கொஞ்சம் எரிச்சலானார். "வண்டியை அனுப்பிட்டா, அடுத்து ஒரு இடத்துல பிடிச்சா என்ன பண்றது? அந்த அடுத்தவனைப் பத்தி நெனச்சுப் பாத்தீங்களா?"

அக்கா நினைத்துப் பார்த்தாள். "அந்த அடுத்தவர் வந்தா அவருக்குக் கொடுப்பீங்களா?"

"அவனுக்கும் ஒரு அடுத்தவன் இருக்கானே!"

ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"என் தம்பி பதினொரு மணிக்கு மெஷின்ல இருக்கணும்" என்றாள் அக்கா. அவளைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. "இல்லன்னா உடம்புல விஷம் ஏறும். அந்த ஒரு நிலையம்தான் ஓடுது."

"பாருங்க, நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. நீங்க தாராளமா வரலாம், நிலையத்தைப் பாக்கலாம், பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கலாம். சேவையை வேண்டாம்னு யாரும் சொல்லல. அதைத் தீத்துடாதீங்கன்னுதான் சொல்றோம்." தலைவர் எழுந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் காற்றில் தட்டினார். "கவலைப்படாதீங்க. இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இதுக்கு ஒரு நிரந்தரத் தீர்வு பண்ணிடறோம்."

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான். "என்னக்கா சொன்னாங்க?"

"சரி பண்றாங்களாம்."

அவள் அதை நம்பினாள். அதற்காக அவளை யாரும் குறை சொல்ல முடியாது. நிரந்தரத் தீர்வு என்பது பிரச்சினைக்குத்தான் என்று நினைக்கும் ஆள் அவள்.

செவ்வாய்க்கிழமைதான் தம்பிக்கு எப்போதும் மோசமான நாள். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. கால் வீங்கும், மூச்சு வாங்கும். அன்று காரில் ஏறும்போதே உதடு வெளுத்திருந்தது. கால் லிட்டர் பாட்டிலில், டாக்டர் அனுமதித்த அன்றைய தண்ணீரை அளந்து கொண்டுவந்திருந்தான். நாற்பது கிலோமீட்டர் வரைக்கும் டாக்டரின் நடையைப் பற்றிப் பேசினான். பிறகு பேச்சு நின்றது.

அக்கா முதன்முறையாகத் தானே பேச்சுக் கொடுத்தாள். "என்னடா, வானொலி நின்னு போச்சு?"

"விளம்பர இடைவேளைக்கா."

மூன்றாம் நிலையத்தில் பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். விழாவுக்காக முன்னாலேயே தடுப்பு வைத்து வண்டிகளை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள்; நிலையத்துக்கு என்று சொன்னதால் இவர்களை மட்டும் விட்டார்கள். இயந்திரத்துக்கு மாலை. பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஒன்று புகைவிட்டுக்கொண்டிருந்தது. மைக்கில் தலைவர்.

"தொண்ணூற்றேழு புள்ளி ஆறு என்ற படுகுழியிலிருந்து மூன்றே நாளில் நூறு விழுக்காட்டுக்கு மீண்ட நிலையம் இது! இந்த மூன்று நாளும் இந்த இயந்திரம் ஒரு நொடிகூடத் தன் இடத்தைவிட்டு, தன் கடமையைவிட்டு விலகவில்லை. ஒரே ஒரு காருக்காகக்கூடத் தன்னைத் தானம் செய்துவிடவில்லை!"

கைதட்டினார்கள்.

மேற்பார்வையாளர் மேடையோரம் புதுக் கோட்டு ஒன்றில் நின்றார். அக்காவைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"லைனைக் கழட்டிட்டாங்கம்மா" என்றார் தரையைப் பார்த்து. "சனிக்கிழமை, நீங்க திரும்பிப் போன ஒரு மணி நேரத்துல. திரைக்கு மட்டும் சின்ன பேட்டரி வச்சுட்டுப் போயிட்டாங்க. சொல்லலாம்னா உங்க நம்பர்கூட என்கிட்ட இல்ல. மூணு மாசம் பேசியிருக்கோம், நம்பர் வாங்கிக்கத் தோணல பாருங்க."

"கார்ல இருபது கிலோமீட்டர்தான் இருக்கு. ஆஸ்பத்திரி இன்னும் அறுபது." அக்கா ஜெனரேட்டரைக் காட்டினாள். "அதுலேருந்து ஒரு வயர்?"

"அதுலதாம்மா மைக் ஓடுது."

இதற்குள் ஒரு அதிகாரி கேமராக்காரருடன் ஓடி வந்தார். "யார் கார் இது? மெஷின் முன்னாடி கார் நிக்கலாமா? படம் எடுக்கணும், கார் இல்லாம எடுக்கணும்."

"உள்ளே ஆள் இருக்கு. உடம்பு முடியல."

"அவரும் படத்துல வருவாரும்மா!"

கோட்டுப் போட்ட ஆறு பேர் சேர்ந்து, உள்ளே தம்பி உட்கார்ந்திருக்க, மின்காரை மின்னேற்ற நிலையத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். மிகவும் மரியாதையாகத் தள்ளினார்கள். ஒருவர் "பாத்து, பாத்து, குழியில விட்டுடாதீங்க" என்றுகூடச் சொன்னார். வாரியம் அந்தச் சாலையில் ஒரு காரை நகர்த்தியது அதுவே முதல் முறை.

ஆம்புலன்ஸ் வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள். சாலை திருப்பியிருந்ததால் வேறு வண்டியும் வரவில்லை. கடைசியில் ஒரு முட்டை வேன்காரர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, தம்பியை முன்னால் ஏற்றிக்கொண்டு, அக்காவைத் தட்டுகளுக்கு நடுவில் உட்காரச் சொன்னார். மேற்பார்வையாளர் ஓடி வந்து வேன் கதவைச் சாத்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"போங்க சார், பரிசை வாங்குங்க" என்றான் தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டு. "நூறு எடுத்திருக்கீங்கல்ல."

அவன் குரலில் கேலி இருந்ததா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பின்னாளில் பலமுறை யோசித்தாள். தெரியவில்லை.

மருத்துவமனைக்குப் பன்னிரண்டரைக்குப் போனார்கள். எல்லா மெஷினுக்கும் இரவுவரை ஆள் குறித்திருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக எடுத்துக்கொள்வதாக டெக்னீஷியன் பெண் சொன்னாள். அவளே போய் டாக்டரை அழைத்து வந்து ஊசி போட வைத்தாள். காலை ஐந்தே காலுக்குத் தம்பியின் இதயம் நின்றது. டெக்னீஷியன் பெண் சீக்கிரமே வந்து மெஷினைக் கழுவித் தயாராக வைத்திருந்தாள்.

அது நடந்து ஆறாவது வாரம் அடுத்த கடிதம் வந்தது.

'பெருமதிப்பிற்குரிய பயனாளரே, கடந்த நாற்பது நாட்களில் தாங்கள் எந்த நிலையத்திலும் ஒருமுறைகூட மின்னேற்றம் செய்யவில்லை என்பதை வாரியம் நெகிழ்ச்சியுடன் கவனித்துள்ளது. மூன்று மாதங்களாகத் தயார்நிலையைக் குறைத்து வந்த ஒருவர் தம் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிட்டது பிறருக்குப் பாடமாகும். தாங்கள் இவ்வாண்டின் முன்மாதிரிப் பயனாளராகத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். தங்கள் சகோதரருடன் வந்து விழாவைச் சிறப்பிக்குமாறு வேண்டுகிறோம்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். லென்ஸ் துடைக்கும் துணியால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை படித்தாள். அன்றிரவு காரை முழுதாகச் சார்ஜில் போட்டாள்.

தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருபது கிலோமீட்டர் மீதி காட்டியது. காவலாளி அடையாளம் கண்டுகொண்டு சல்யூட் அடித்தார். "பரிசு வாங்க வந்தீங்களா? உள்ளே போங்கம்மா, ஆரம்பிச்சாச்சு. தம்பி வரலியா?"

அக்கா காரை வெல்வெட் கயிற்றருகே கொண்டுபோய் நிறுத்தினாள். கயிற்றை அவிழ்த்து நான்காக மடித்து ஓரமாக வைத்தாள். கேபிளை எடுத்துச் செருகினாள். உள்ளே ஏறி உட்கார்ந்து காரைப் பூட்டினாள்.

இயந்திரம் ஒருமுறை உறுமியது. பிறகு ஓட ஆரம்பித்தது. நல்ல மெஷின். ஏறும் சத்தம் சீராக இருந்தது.

விழா அரங்கத்தில், மேடைக்குக் கொண்டுவந்து மாட்டியிருந்த வரைபடத்தில், சரியாகத் தலைவரின் தலைக்கு மேலே ஒரு பல்பு சிவந்தது. ஏழு பேர் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்துப் பாராட்டு என்று நினைத்து அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். ஒருவர் பிளக்கைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இருவர் சேர்ந்து இழுத்தார்கள். கார் ஆடியது. பக்கத்து இருக்கையில் அவள் பெல்ட் போட்டு வைத்திருந்த கால் லிட்டர் பாட்டிலில் தண்ணீர் அலம்பியது. பாதி மீதி இருந்தது.

மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி ஒருவர் கத்தினார். அணைத்தால் விழா விளக்கும் மைக்கும் போய்விடும் என்று இன்னொருவர் கத்தினார்.

தலைவர் கார்க் கண்ணாடியைத் தட்டினார். "அம்மா! மேடையில உங்களைக் கூப்பிட்டாச்சு. கேடயம் காத்திருக்கு. முதல்ல இதை எடுங்க."

அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசாட்சி இருக்கா உங்களுக்கு? அடுத்தவங்க வந்தா என்ன பண்றது?"

அவள் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள்.

"நான்தான் அந்த அடுத்தவ" என்றாள்.

தலைவர் ஏழு பேரையும் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். அவர் மறுபடி குனிந்தார். குரல் இப்போது கெஞ்சலாக இருந்தது.

"சரி, எவ்வளவு நேரம்தான் ஆகும்? அதையாவது சொல்லுங்க."

"நாலு மணி நேரம்" என்றாள் அக்கா. "நடுவுல எடுக்கக் கூடாது."

கண்ணாடியை ஏற்றினாள்.